இடது பக்கம் வைத்த குழாய்

என்ன கேட்டீங்க? ஷவர் இருக்கான்னா கேட்டீங்க?

தம்பி, வாடகைக்கு வீடு பாக்க வாரவுக தண்ணி வருமான்னு கேப்பாக, காத்து வருமான்னு கேப்பாக, வண்டி நிப்பாட்ட இடம் உண்டான்னு கேப்பாக. நீங்க செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஷவரைக் கேக்கீங்க. உங்க மேல தப்பில்ல. வெளியூர்க்காரரு, உங்களுக்கு இங்க நடந்த கூத்து தெரியாது. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உச்சி மண்டைக்கு ஏறும்.

இருக்கு. இந்த நிமிசம் வரைக்கும் இருக்கு. பத்து மணிக்கு ஆள் வாரான், உளி சுத்தியலோட. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, துளையில சிமெண்டு வச்சு அடைச்சு, பழையபடி கீழ ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு கோப்பை. வாளித் தண்ணியில குளிச்சா அழுக்குப் போகாதா? நான் இதே பாளையங்கோட்டையில பொறந்து வளந்தவன். இந்த வயசு வரைக்கும் வாளியிலதான் குளிக்கேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு, சொல்லுங்க.

வாங்க, காட்டுதேன். இல்ல, நில்லுங்க. விசயத்தைக் கேட்டுட்டுப் பாத்தாத்தான் உங்களுக்குப் புரியும். அந்த ஜன்னல் பக்கமா நில்லுங்க, காத்து வரும். நாற்காலி கெடையாது, காலி வீடுல்லா.

என் பேரு செல்லப்பெருமாள். பஸ் டிப்போவுல ஸ்டோர்ஸ் சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவன். நட்டு, போல்ட்டு, வாஷர், பைப்பு, என் கையெழுத்து இல்லாம ஒரு சாமான் வெளிய போகாது. எந்த சைஸு எந்தத் தட்டுல கெடக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். மெக்கானிக்குக தப்பான சாமானைக் கேட்டு வந்தா, 'போடே, ஒழுங்காப் பாத்துட்டு வாடே'ன்னு திருப்பி விட்டவன் நான். அப்பேர்ப்பட்ட ஆள்கிட்ட வந்து, 'இதுக்கெல்லாம் புரொபஷனல் ஆளைக் கூப்பிடணும்'னு சொன்னா எப்படி இருக்கும்? சொன்னது யாரு? கட்டின பொண்டாட்டி. அவளுக்குப் பொறவு, இந்தப் போர்ஷன்ல குடியிருந்தவ.

காந்திமதி, அதான் என் வீட்டுக்காரி. அவளுக்கு வலது தோள் பிடிச்சுக்கிட்டு. சுகர் உள்ளவங்களுக்கு வருமாம். டாக்டரு ஃப்ரோசன் ஷோல்டர்ன்னாரு. கையை இடுப்பு உசரத்துக்கு மேல தூக்க முடியாது. தூக்குனா 'அம்மா'ன்னு ஒரு சத்தம், நமக்கே குலை நடுங்கிரும். சேலைத் தலைப்பை இடது கையால இழுத்துப் போட்டுக்கிடுவா. சோறு பொங்கிருவா. ஒண்ணே ஒண்ணுதான் முடியல. தண்ணியை மோந்து தலையில ஊத்திக்கிட முடியல. இடது கையால மோந்தா பாதி தண்ணி செவுத்துக்குப் போகும், பாதி கண்ணுக்குப் போகும்.

சரி, நான் ஊத்துதேன்னேன். எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க? நீங்க செய்வீங்களா? கல்யாணம் ஆயிட்டுல்லா? செய்ய மாட்டீங்க. நான் செஞ்சேன். காலைல பேப்பரைப் படிச்சு முடிச்ச கையோட, பாத்ரூம் கதவைத் திறந்து போட்டுட்டு, வாசல்படியில நின்னுக்கிட்டு ஊத்துவேன். அவ பாவாடையை ஏத்திக் கட்டிக்கிட்டு முக்காலியில குனிஞ்சு உக்காந்திருப்பா. நான் ஊத்துவேன். 'தேய்'ம்பேன். தேய்ப்பா. 'போதுமா?'ம்பேன். போதும்பா. வெளிய சொல்ல இதுல என்ன வெக்கம் இருக்கு? நான் செஞ்சது சேவை.

அதுல ஒரு நன்றி உண்டான்னு கேளுங்க. கிடையாது. 'கதவை ஒருச்சாச்சு வைங்க'ம்பா. கதவை ஒருச்சாச்சு வச்சா நான் எப்படி ஊத்த? கையை மட்டும் உள்ள விட்டா ஊத்த முடியும்? 'சத்தமாப் பேசாதீங்க'ம்பா. சத்தமா என்ன பேசுனேன்? தெருவுல போறவரு குசலம் விசாரிச்சா பதில் சொல்ல வேண்டாமா? ஒருநாள் கரண்டு மீட்டர் பாக்கவன் வந்துட்டான். கோப்பையோட அப்படியே போயி அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தேன். கதவு திறந்து கெடந்துட்டாம். மீட்டரு அந்தப் பக்கச் செவுத்துல இருக்காம். அவன் இங்க திரும்பிக்கூடப் பாக்கல தம்பி, பில்லைக் குடுத்துட்டுப் போயிட்டான். அதுக்கு அன்னைக்கு முழுக்க என்கிட்ட பேச்சு இல்ல. சாப்பாட்டுத் தட்டை டொக்குன்னு வைக்கா.

குளிச்சு முடிச்சா கண்ணு செவசெவன்னு இருக்கும். என்னன்னு கேட்டா சோப்பு பட்டுட்டுங்கா. தெனமும் இதே கதை. ஒருநாள் சோப்பு தீந்து போச்சு, வெறும் தண்ணிதான் ஊத்துனேன். அன்னைக்கும் சோப்பு பட்டுட்டுங்கா. என்ன பேசுதோம்னு தெரிஞ்சா பேசுதா?

என்ன சத்தம்? அதுவா? அது பக்கத்து வீட்டுக்காரன் மோட்டாரு. காலைல இந்த நேரத்துல ம்ம்ம்னு ஓடும். நீங்க கவனிக்காதீங்க.

எங்க விட்டேன்? ஆங், சோப்பு. அப்பத்தான் ஒருநாள் சொல்லுதா. 'ஏங்க, ஒரு ஷவர் வச்சுக் குடுங்க. நான் கதவைச் சாத்திக்கிட்டு நானே குளிச்சிக்கிடுதேன்.' சரி, நியாயந்தான்னு நெனச்சேன். எனக்கும் வேலை மிச்சம். 'தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு வைங்க'ங்கா. அங்கதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. தெரிஞ்ச ஆளா? அப்ப நான் யாரு? தெரியாத ஆளா?

நானே வாங்குனேன். நானே துளை போட்டேன். நானே மாட்டுனேன். டேப்பு சுத்தி, மேல எம்-சீல் அப்பி, நல்லா இழுத்து முறுக்கி வச்சேன். என் உசரத்துக்கு வச்சேன். ஆம்பளை நிக்கிற உசரத்துக்கு வச்சா எல்லாருக்கும் ஆகும்லா? குழாயை வலது பக்கம் வச்சேன். எல்லா வீட்லயும் வலது பக்கந்தான் இருக்கும். அதுதான் முறை.

திறந்தா மொணுமொணுன்னு நூல் மாதிரி வருது. காந்திமதி சொல்லுதா, 'மாடியில தொட்டியை உசத்தி வச்சாத்தான் தண்ணி வேகமா வருமாம், எல்லாரும் சொல்லுதாவ.' யாரு அந்த எல்லாரும்? தொட்டி இருக்கது ஈசானி மூலை. அங்க உசரம் கூடாது, தரையோட தரையா வச்சா தோசமில்லன்னு வாஸ்து பாக்கவரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. இவ குளிக்கதுக்காக நான் குடும்பத்தைக் கெடுக்க முடியுமா?

சரி, வாரதுல குளின்னேன். மறுநாள் உள்ள போனா. கதவைச் சாத்துனா. கொஞ்ச நேரத்துல டங்குன்னு ஒரு சத்தம், அம்மான்னு ஒரு சத்தம். என்னடான்னு ஓடுனா, ஷவர் தலை கழண்டு கீழ கெடக்கு. விழுந்தது எங்க தெரியுமா? அந்த வலது தோள்ல.

என்னைப் பாக்காதீங்க அப்படி. நான் என்ன வேணும்னா செஞ்சேன்? வலது பக்கக் குழாயை இடது கையால திருப்பணும்னு ஒருச்சாச்சு திரும்பி நின்னிருக்கா. பிடிமானத்துக்கு மேல பைப்பைப் பிடிச்சு இழுத்திருக்கா. நான் சொன்ன எடத்துல, நான் சொன்ன மாதிரி நின்னிருந்தா விழுமா? அவ நின்ன நெலை தப்பு. அதை ஒத்துக்கிட மாட்டேங்கா. பேசவே மாட்டேங்கா. நான் அதைக் கழட்டி, மூடி போட்டு அடைச்சுட்டு, பழையபடி ஊத்த ஆரம்பிச்சேன். திரும்பவும் கண்ணுல சோப்பு.

அந்தச் சமயத்துலதான் இந்தப் போர்ஷனுக்கு ஜெபசீலி குடிவந்தா. ஆஸ்பத்திரியில நர்ஸு. நெடுநெடுன்னு இருப்பா, வாசநிலையில தலை தட்டும். ஒத்தையாள். நல்ல பொண்ணுன்னு நெனச்சுத்தான் விட்டேன். செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது, காலண்டர்னாலும் என்கிட்டக் கேட்டுத்தான் மாட்டணும்னு மொத நாளே சொல்லிட்டேன். 'சரி அங்கிள்'ன்னா. அந்தச் 'சரி அங்கிள்'ல நான் ஏமாந்தேன்.

அவளும் இவளும் ஒட்டிக்கிட்டாங்க. சாயங்காலம் ஆனா குசுகுசு. இவ தோளை அவ பிடிச்சு நீவி விடுதா. ஒருநாள் வந்து நிக்கா. 'அங்கிள், என் பாத்ரூம்ல ஒரு ஷவர் வச்சிக்கிடட்டுமா? புரொபஷனலா ஒரு ஆளைக் கூப்பிட்டு ஒழுங்கா வைக்கணும்.' ஒழுங்காங்கா! அந்த ஒழுங்கா எங்க போயி விழுதுன்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துல நின்னு காந்திமதி தரையைப் பாக்கா. 'ஒரு துளை விழக்கூடாது'ன்னேன். 'சரி அங்கிள்'ன்னுட்டுப் போயிட்டா.

கோவில்பட்டியில தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். காந்திமதியைக் கூப்பிட்டேன், தோள் வலிக்கு, பஸ்ஸுல குலுங்கும், வரலன்னா. சரின்னு நான் மட்டும் போனேன். முகூர்த்தம் முடிஞ்சது. மொதப் பந்தியில எனக்கு எடம் போடல தம்பி, தாய்மாமன் எனக்கு. அது தனிக் கதை. அதுல கோவிச்சுக்கிட்டு நேரே பஸ் ஏறி வந்துட்டேன். சாயங்காலம் வரவேண்டியவன் மத்தியானமே வந்துட்டேன்.

தெருமுனையில வரும்போதே கேக்கு. ர்ர்ர்ன்னு. டிரில்லரு. என் வீட்டுச் செவுரு. பல்லுல துளை போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

ஓடி வந்து பாத்தா, இந்த பாத்ரூம்ல ஒருத்தன் நிக்கான். பேரு கிங்ஸ்டனாம். கம்பெனி பனியன், காதுல ஒரு கடுக்கன், பாட்டு வேற சத்தமா ஓடுது. தரையெல்லாம் சாமான் பரத்தியிருக்கான். வேலை முடியுற தறுவாய். நர்ஸு நிக்கா. என் வீட்டுக்காரியும் நிக்கா. அளவு டேப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கா. சேலை பூரா நனைஞ்சு கெடக்கு. தண்ணி திறந்து பாத்தப்போ தெறிச்சுட்டாம். அது போகட்டும். அவ சிரிச்சுக்கிட்டு இருக்கா தம்பி. வாடகைக்காரி வீட்டு பாத்ரூம்ல நின்னு என் பொண்டாட்டி வாய்விட்டுச் சிரிக்கா. என்னைப் பாத்ததும் நிப்பாட்டிட்டா.

'எவனைக் கேட்டுடா துளை போட்டே?'ன்னேன். 'வேலை சொன்னவங்களைக் கேட்டுத்தான் சார். தள்ளி நில்லுங்க, கால்ல திருகாணி குத்திரும்'ங்கான். என் வீட்டுல என்னைத் தள்ளி நிக்கச் சொல்லுதான்! பயமும் இல்ல, மரியாதையும் இல்ல. 'இந்தத் தொட்டிக்குத் தண்ணி வேகம் பத்தாது, மேல ஏத்தி வைக்க வீட்டுக்காரர் விடமாட்டாராமே, அதான் சின்ன பம்ப்பு ஒண்ணு வச்சிருக்கேன்'ங்கான். என் தொட்டி கதை அவனுக்கு எப்படித் தெரியும்? ஊரெல்லாம் டமாரம் அடிச்சாச்சு.

நான் வேலையைப் பாத்தேன். பாத்துட்டு எனக்குச் சிரிப்பு வந்துட்டு. கோவத்துலயும் சிரிப்பு. புரொபஷனலாம்! கேளுங்க அவன் லட்சணத்தை.

குளிக்கப்போறவ நர்ஸு. நெட்டைக்கொக்கு. ஷவரை எந்த உசரத்துல வச்சிருக்கான்? அவ நின்னா அவ நெத்தியில இடிக்கும். என் பொண்டாட்டி மாதிரி குள்ளச்சிக்கு வைக்கிற உசரத்துல வச்சிருக்கான். அளவு தெரியாத பய.

குழாயை எங்க வச்சிருக்கான்? இடது பக்கம்! உலகத்துல எவனாவது வைப்பானா? அதுவும் இடுப்பு உசரத்துல, ஒரு நீளக் கைப்பிடி. திருக வேண்டாம், லேசாத் தட்டுனாப் போதும். நர்ஸு வலது கைக்காரி. அவ வலது கையாலதான் பேனா பிடிக்கா, நான் பாத்திருக்கேன். அப்புறம் எதுக்கு இடது பக்கம்?

கீழ ஒரு கம்பி. எதுக்குன்னேன். 'வழுக்குனா பிடிச்சுக்க'ங்கான். அதுவும் இடது பக்கம். செவுத்தோட மடக்குற மாதிரி ஒரு பலகை வேற, உக்காந்து குளிக்கவாம். அவளுக்கு முப்பது வயசு தம்பி! படியில குதிச்சுக் குதிச்சு ஏறுவா. அவளுக்கு எதுக்குப் பிடி, அவளுக்கு எதுக்குப் பலகை?

எல்லாத்தையும் ஒவ்வொண்ணாக் கேட்டேன், நல்லா நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டேன். அந்தக் கடுக்கன்காரப் பய என்ன சொல்லுதான் தெரியுமா? 'சார், குளிக்கப் போறவங்களை நிக்க வச்சு, உக்கார வச்சு, கை எட்டுதான்னு பாத்துப் பாத்துத்தான் வச்சிருக்கேன். ஒரு இடத்துல தப்பு சொல்லுங்க, நான் கம்பெனியை விட்டே போறேன்'ங்கான். 'இவளை நிக்க வச்சாடா இந்த உசரம் வந்துச்சு, கோட்டிக்காரப் பயலே'ன்னு நர்ஸைக் காட்டிக் கேட்டேன். அவன் நர்ஸைப் பாக்கான், காந்திமதியைப் பாக்கான், பைக்குள்ள சாமானை அள்ளிப் போட்டுட்டு, 'நல்லாக் குளிங்கம்மா'ன்னுட்டுப் போயிட்டான். தோத்துட்டான்.

நர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். அன்னைக்கே. 'அங்கிள், நான் சொல்லுறதை ஒரு நிமிசம் கேளுங்க'ங்கா. காந்திமதி அவ கையைப் பிடிச்சு அமுத்துனா. அமுத்துனதை நான் பாத்தேன். என்ன சொல்ல வந்தாளோ, முழுங்கிட்டா. மன்னிப்புக் கேக்க வந்திருப்பா. எனக்கு அது தேவையில்ல.

வேற வீடு கிடைக்கிற வரைக்கும் இருந்தா. பகல் டூட்டிக்குப் போகும்போது சாவியைக் காந்திமதிகிட்டக் குடுத்துட்டுப் போவா, உள்ள நாலு செடி வச்சிருக்கேன், தண்ணி ஊத்துங்கன்னு. இவளும் தெனம் போவா. செடிக்குத் தண்ணி ஊத்தப் போறவ தலையெல்லாம் நனைஞ்சு வருவா. அந்த ஷவர் அப்படி ஒழுகியிருக்கு, பாருங்க. போனவ மேல எல்லாம் தெறிக்கு. புரொபஷனல் வேலை!

ஆனா ஒண்ணு தம்பி. அந்தச் சமயத்துலதான் என் வைத்தியம் பலிச்சது. தோளுக்கு நானே தைலம் சூடு பண்ணித் தேய்ச்சு விடுதேன்லா? ஒருநாள் காலைல கோப்பையோட நிக்கேன். 'நீங்க ஊத்த வேண்டாம், எனக்குச் சரியாப் போச்சு'ங்கா. அன்னையிலேர்ந்து எனக்கு அந்த வேலை இல்ல. கண்ணுல சோப்பும் படுறதில்ல. முகம் தெளிச்சியா இருக்கு. சமையக்கட்டுல மேல் தட்டு டப்பாவை மட்டும் இன்னும் என்னைத்தான் எடுத்துத் தரச் சொல்லுதா. அது தோள் இல்ல, சோம்பேறித்தனம். தலையும் நாலு நாளைக்கு ஒருக்கா வாரிவிடச் சொல்லி எதுத்த வீட்டுக்குப் போறா. அதுவும் சோம்பேறித்தனந்தான்.

நர்ஸு போயிட்டா. போகும்போது ஒரு வேலை செஞ்சா. அவ வச்ச சாமான், கழட்டி எடுத்துட்டுப் போகலாம்லா? எடுக்கல. 'அங்கிள், ஷவரை மட்டும் கழட்டாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்'ங்கா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! போகும்போதும் தன் ஞாபகத்தை இங்கன விட்டுட்டுப் போகணும்கிற திமிரு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இது இருக்கக்கூடாதுன்னு. ஆள்தான் கிடைக்கல. எல்லாவனும் 'நல்ல வேலையா இருக்கே சார், எதுக்குக் கழட்டணும்'ங்கான். கடைசியா ஒருத்தன் ஒத்துக்கிட்டான்.

நேத்து ராத்திரி சாப்பிடும்போது காந்திமதிகிட்டச் சொன்னேன். 'காலைல ஆள் வாரான், பக்கத்துப் போர்ஷன் ஷவரைக் கழட்டப் போறேன்.' சோத்தைப் பிசைஞ்ச கை அப்படியே நின்னுட்டு. 'கழட்டணுமா?'ன்னா. 'ஆமா'ன்னேன். ஏன் கழட்டணும்னு கேக்கல. 'சரி'ன்னா. அவ்வளவுதான். சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. வாடகைக்காரி வச்ச ஷவருக்கு இவ எதுக்குச் சோத்தை வைக்கணும்?

அவளுக்கு இந்தக் காலி வீட்டு மேல என்ன கிறுக்கோ தெரியல. தெனமும் காலைல தூத்துட்டு வாரேன்னு பொறவாசல் வழியா வந்திருவா. ஆளில்லாத வீட்டுல என்ன குப்பை விழுது, தெனமும் பெருக்க? வந்தா சட்டுன்னு வரமாட்டா. இன்னைக்கு நல்லவேளை மார்க்கெட்டுக்குப் போறேன்னுட்டுப் போயிட்டா. அதுலயும் பாருங்க, பையை எடுக்கல. பை அன்னா எங்க வாசல்ல தொங்குது. பையில்லாம மார்க்கெட்டுக்குப் போறவளை எங்கயாவது பாத்திருக்கீங்களா? ஒரு நிதானம் கெடையாது.

என்ன, பாத்ரூமையே பாக்கீங்க? சத்தம் நின்னுட்டா? அவன் தொட்டி நிறைஞ்சிருக்கும், மோட்டாரை அமத்தியிருப்பான். நான் சொல்லுறதைக் கேளுங்க.

'கழட்ட வேண்டாம் சார், எங்களுக்கு உதவும்'ங்கீங்க. எல்லாருக்கும் அந்தச் சவத்து ஷவருதான் வேணும். என் பேச்சு வேண்டாம். சரி, வாங்க. நேர்ல பாருங்க. அந்தக் குழாய் இருக்க எடத்தைப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, இது மனுசன் வேலையா, மாடு செஞ்ச வேலையான்னு. வாங்க, வாங்க. இப்படி வாங்க.

பாத்து, தரை ஈரமா இருக்கு. பாத்தீங்களா? ஆளில்லாத வீட்டுல பாத்ரூம் வாசல்ல ஈரம்! சொன்னேம்லா, லீக்குன்னு? கண்ணால பாருங்க.

என்ன இது, கதவு தெறக்க மாட்டேங்கு. மழைக்கு உப்பிட்டு போல. கொஞ்சம் நீங்களும் தள்ளுங்க. வேண்டாம், இருங்க. உள்ள தாப்பா போட்டிருக்கு.

எவ உள்ள? எவன்னு கேக்கேன்! காலி வீட்டுக்குள்ள எவ வந்து ஒளிஞ்சிருக்கா? கதவை உடைச்சுப்புடுவேன், ஆமா.

காந்திமதியா?

அவதான் தம்பி. அவ குரலுதான்.

ஏட்டி, மார்க்கெட்டுக்குப் போறேன்னுட்டு இங்க என்ன பண்ணுத? 'குளிக்கேன்'ங்கா. நம்ம வீட்டுல பாத்ரூம் இல்லியாட்டி? நாங்க பேசுனதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே? 'கேட்டேன்'ங்கா. எல்லாத்தையுமா? 'எல்லாத்தையும்'ங்கா.

தோள் சரியாயிட்டுன்னு சொன்னியே?

யாரு உள்ள இருக்கா உன்கூட? யாரு உனக்குத் தண்ணி ஊத்துதா?

கேட்டீங்களா தம்பி? 'யாரும் ஊத்தல'ங்கா.

இந்தா, பம்ப்பு சத்தம் திரும்பக் கேக்கு. இதுவா? நான் பக்கத்து வீட்டுக்காரன்னுல்லா... தண்ணி விழுது. நல்லா விழுது. என்ன வேகமா விழுது.

காந்திமதி, கதவைத் தெற. நான் சொல்லுதேன்ல, தெறட்டி.

'மாட்டேன்'ங்கா.

முப்பத்தாறு வருசத்துல இந்த வார்த்தையை அவ வாயால நான் கேட்டதில்ல. 'நான் இன்னும் குளிச்சு முடிக்கல, போய் வெளிய நில்லுங்க'ங்கா. எங்கிட்ட சொல்லுதா. என் வீட்டுல என்னை.

இடது பக்கம். இடுப்பு உசரம்.

அந்தப் பய அன்னைக்கு இவளைத்தான் பாத்தான்.

நீங்க ஏன் நிக்கீங்க? என்ன வேடிக்கை? பொம்பள குளிக்கிற எடத்துல ஆம்பளைக்கு என்ன சோலி? அறிவு வேண்டாம்? நடங்க, நடங்க, முன்னால நடங்க. இங்க நின்னு பேசாதீங்க, உள்ள கேக்கும்.

வீடா? வீடு இல்ல தம்பி. வாடகைக்கு இல்ல. போர்டைப் போகும்போது நீங்களே கழட்டி உள்ள போட்டுருங்க. ஏன்னு கேக்காதீங்க, எனக்குக் கோவம் வந்துரும்.

ஒண்ணு செய்ங்க. தெருமுனையில ஒருத்தன் உளி சுத்தியலோட வந்துக்கிட்டு இருப்பான். வேலை இல்ல, திரும்பிப் போகச் சொல்லிட்டாருன்னு சொல்லிருங்க. ஏதாவது கேட்டான்னா, நல்லா ரெண்டு ஏச்சு ஏசி அனுப்புங்க.

நான் இங்கனதான் இருப்பேன். யாராவது பொறவாசல் வழியா வந்துட்டா?

வாசக்கதவை நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போங்க.